வெள்ளிக்கிழமை மூன்று மணிக் கோளாறு

பதுளையில் ஒருவர் ஏசி பழுது பார்த்தே குடும்பம் நடத்தினார் என்றால் ஊரைத் தெரியாதவர்கள் சிரிப்பார்கள். மலைநாட்டில் கம்பளி விற்கிறவன் பிழைக்கலாம், குளிர் விற்கிறவன் எப்படிப் பிழைப்பான் என்று கேட்பார்கள். அவர்கள் பங்குனி வெயிலில் பதுளை பஸ் நிலையத்தில் நின்று பார்த்ததில்லை. சுற்றிவர மலை, நடுவில் டவுன். இறங்கிய சூடு ஏற வழி தெரியாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கும். வங்கியின் கம்ப்யூட்டர் அறை, போட்டோ கழுவுகிற கலர் லேப், நகைக்கடைகள், ஒரு தனியார் நேர்சிங் ஹோம், எல்லாவற்றிலும் சுவரில் மாட்டுகிற ஏசி இருந்தது. அத்தனைக்கும் இருந்த ஒரே ஆள் தங்கராஜா.

எனக்கு அவரைத் தெரிந்தது ஏசியால் அல்ல. என் கணவர் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக இருந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி இங்கே வந்து இங்கேயே காலமானார். அவர் போனபின் வீட்டின் முன்னறையைத் தடுத்து ஒரு கொமினிகேசன் வைத்தேன். ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு தொலைபேசி, வெளியே உட்கார ஒரு வாங்கு, மேசைக்குப் பின்னால் நான். ஸ்பிரிங்வெளியிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் பஸ் ஏறி வந்து, வெளிநாட்டுப் பிள்ளைகளின் அழைப்புக்காக அந்த வாங்கில் காத்திருப்பார்கள். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே இல்லை. இருமினால்கூட, "வெளியில போய் இருமுங்கோ" என்பேன். ஆனாலும் வருவார்கள், ஏனென்றால் என் போன்தான் தெளிவாகக் கேட்கும். கூண்டுக் கதவு ஒருநாளும் ஒழுங்காகச் சாத்துப்படாது என்பதால் எனக்கும் எல்லாம் தெளிவாகக் கேட்கும்.

ஊருக்கெல்லாம் லைன் எடுத்துக் கொடுத்த நான், என் தங்கையோடு பேச முடியாமல் பல வருடம் இருந்தேன். அவள் யாழ்ப்பாணத்தில் இருந்தாள். சண்டைக் காலத்தில் துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் கிடைத்த லைன் அங்கே கிடைக்காது. ஆகவே காத்திருக்கிறவர்களைத் திட்டுவேனே தவிர எழுப்பிவிட மாட்டேன்.

தங்கராஜா ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். இளவயதில் கொழும்பில் ஒரு குளிர்சாதன வேர்க்ஷொப்பில் இரும்பு தூக்கப் போய், தொழிலையும் பிடித்துக்கொண்டு திரும்பினார். அவர் மனைவி மீனாம்பாள் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். ஹாலிஎலப் பக்கம் ஒரு துண்டுக் காணியில் சொந்தமாக ஒரு வீடு எழுப்ப வேண்டும், மகள் லக்ஷனா லயத்தில் வளரக் கூடாது என்று இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம். அதற்காக மீனாம்பாள் இரண்டு வருட ஒப்பந்தத்தில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். பிள்ளை ஸ்பிரிங்வெளியில் தங்கராஜாவின் அக்காவிடம் இருந்தாள். அவர் ஹாலிஎலயில், கூரை போட்டும் பூசாத சுவர்களுக்கு நடுவில், தனியாகச் சமைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

போன முதல் வருடம் மீனாம்பாள் ஏழெட்டுத் தடவைகூடப் பேசியிருக்க மாட்டாள். அந்த வீட்டு மேடம் கெட்டவள் இல்லை. ஆனால் வேலைக்காரி போனைத் தொடுவதற்கு ஒரு காரணம் வேண்டும் என்று நினைக்கிறவள். ஊரில் யாராவது செத்தால்தான் காரணம். யாரும் சாகவில்லை. தங்கராஜா வாரம் தவறாமல் வந்து வாங்கின் ஓரத்தில் இருந்துவிட்டு, "சரிங்கம்மா, போயிட்டு வாறேன்" என்று எழும்பிப் போவார். அந்த முகத்தை வைத்துக்கொண்டு போகிற மனிதனை என்னால் திட்டக்கூட முடியவில்லை.

அடுத்த வருடக் கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, அவர் வாங்கில் இருக்கும்போதே, குவைத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கே அப்போது நடுப்பகல். அந்த வீட்டு ஐயா பிள்ளைகளோடு ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார். வீட்டின் பெரிய ஏசி நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை எந்த வேர்க்ஷொப்பும் திறக்காது. திறந்தாலும் ஆண்கள் இல்லாத வீட்டுக்குள் ஒரு மெக்கானிக் வரமுடியாது. வெளியே நெருப்பு வெயில். மேடம் கைக்குழந்தையோடு அழாக்குறையாக நிற்க, மீனாம்பாள் தனக்குத் தெரிந்த அரபியில் சொல்லியிருக்கிறாள்: என் புருஷன் ஊரில் ஏசிக்காரர். மேடமே நம்பரைச் சுழற்றிக் கொடுத்துவிட்டாள்.

கூண்டுக்குள் தங்கராஜா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு, "ஏன் புள்ள, ஒடம்புக்கு ஏதும் முடியலயா?" என்றார்.

"எனக்கு ஒன்னும் இல்லீங்க. மெசினுக்குத்தான். பச்ச லைட்டு விட்டு விட்டு மின்னுது." அவள் குரல் ரிசீவரைத் தாண்டி என் மேசைவரை வந்தது.

அவ்வளவுதான், மனிதர் மாறிவிட்டார். நான் அவரை வங்கியில் ஒருதடவை பார்த்திருக்கிறேன். அது கரண்ட் வெட்டுக் காலம். கரண்ட் போய் வரும்போதெல்லாம் எங்காவது ஒரு ஏசி மின்னத் தொடங்கும். எல்லாரும் ஏசியைத் தட்டிப் பார்ப்பார்கள், ரிமோட்டை உதறுவார்கள். தங்கராஜா எதையும் தொடமாட்டார். கீழே நின்று அந்தச் சின்ன விளக்கைப் பார்த்து, ஒரு மின்னலுக்கு ஒரு விரலாக உள்ளங்கைக்குள் மடக்குவார். விளக்கு கொஞ்சம் ஓய்ந்து மறுபடி தொடங்கும். இவரும் மறுபடி விரலை விரித்து மடக்குவார். மெசினே தனக்கு என்ன நோவு என்று சொல்லும், கேட்கத்தான் ஆள் வேண்டும் என்பார்.

"எத்தன தடவ மின்னுது புள்ள? அவசரப்படாம பாத்துச் சொல்லு."

"ரெண்டு. பொறவு நிக்கிது. திருப்பி ரெண்டு."

"ரெண்டுனா சென்சரு. உள்ளுக்க இருக்கிற கொழாய் எவ்வளவு ஜில்லுன்னு இருக்குன்னு பாத்து சொல்றது அதுதான். மொதல்ல மெயின ஓப் பண்ணு. பண்ணிட்டியா? மேடத்த ஒருக்கா பாக்கச் சொல்லு. கை ஈரமா இருந்தா தொடச்சுக்க."

மெயினை நிறுத்தச் சொல்லி அவர் எத்தனை தடவை கேட்டார் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வரும். ஒரு பெண்ணைக் காதலிக்கிறவன்கூட அத்தனை தடவை காதலைச் சொல்லமாட்டான். மூடியைக் கழற்ற வைத்தார். வலப்பக்கம் ஒரு மெல்லிய கறுப்பு வயர், அதன் நுனியில் கடலை அளவு வெள்ளை பிளக். அது ஆடிப்போய் அரைகுறையாக நின்றிருந்தது. அழுத்தச் சொன்னார். மூடச் சொன்னார். மெயினைப் போடச் சொன்னார். பிறகு நாங்கள் மூன்று பேரும், குவைத்தில் இருந்த மேடத்தோடு நான்கு பேரும், மெசின் ஓடுமா என்று காத்து நின்றோம்.

"குளுருதுங்க!" என்றாள் மீனாம்பாள்.

அந்த ஒரு சொல்லுக்கு அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அழுகிறவர்களைச் சமாளிக்கத் தெரியாது.

அடுத்த வெள்ளியும் மூன்று மணிக்கு அழைப்பு வந்தது. பச்சை விளக்கு இரண்டு தடவை. அதற்கடுத்த வெள்ளியும் இரண்டு. சில வாரம் வேறு மாதிரி, ஐந்து. அது வெளியில் இருக்கிற மெசினோடு தகராறு. ஆனால் பெரும்பாலும் இரண்டுதான். மெயினை நிறுத்தி, மூடியைக் கழற்றி, சூடு ஆறட்டும் என்று காத்திருக்கும் அந்த நேரத்தில்தான் அவர்கள் பேசினார்கள். லக்ஷனாவுக்கு முன்பல் விழுந்தது, ஹாலிஎலயில் சமைக்கிற குசினிக்குக் கதவு போட்டது, அக்காவின் முழங்கால் வலி, எல்லாம் ஏசி மூடி கழன்று கிடக்கிற நேரத்துக்குள். மேடத்துக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் நின்று, பெரிய வைத்தியம் நடக்கிறது என்று பயபக்தியோடு பார்ப்பாளாம்.

"பெரட்டுக்கு நிக்கிற மாதிரி மேடம் நிக்கிறாங்க," என்று மீனாம்பாள் சொல்லிச் சிரித்தாள். தோட்டத்தில் விடியற்காலை வேலை பிரிக்கிற பெரட்டில் கங்காணிக்கு முன்னால் நின்றவள் அவள். தனக்காக ஒருவர் அப்படி நிற்பதை வாழ்க்கையில் முதல்தடவை பார்க்கிறாள்.

தங்கராஜா தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஃபில்டர் கழுவ, தண்ணீர் வடிகிற குழாயை ஊதிச் சுத்தம் செய்ய, வெளி மெசினில் அடைந்த மணலைத் தட்ட, எந்த மின்னல் என்ன சொல்கிறது என்று பிரித்துப் பார்க்க. வெள்ளிக்கிழமை வருகிறவர்களுக்கு வாங்கில் இடம் போதாமல் போனது. லுணுகலையிலிருந்து தோஹாவில் இருக்கும் மகனின் அழைப்புக்கு வருகிற ஸைனப் என்ற பெண்மணி, தன் முறை தள்ளிப்போவதைக்கூடப் பொருட்படுத்தாமல், "அந்தப் புள்ள இன்னைக்கு எத்தனையாம்?" என்று என்னிடம் கேட்பாள்.

அந்தக் காலத்தில்தான் கலர் லேப் ஏசி சனிக்கிழமை தோறும் நிற்கத் தொடங்கியது. தங்கராஜா போய்ப் பார்த்துவிட்டு வந்து சிரித்தார். அங்கே வேலை செய்கிற ஒருத்தன் சனிக்கிழமை சட்டை அயன் பண்ணுவதற்காக ஏசி பிளக்கைக் கழற்றியிருக்கிறான். "மெசினுக்கு நாள் கெழம தெரியாதுங்கம்மா," என்றார். "நாள் பாத்து ஒரு கோளாறு வருதுன்னா, பின்னால யாரோட கையோ இருக்கு."

நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருந்து எனக்குப் பழக்கமில்லை.

"அப்ப குவைத்தில வெள்ளிக்கிழமை மட்டும் கழருற பிளக்குக்குப் பின்னால ஆரின்ர கை, தங்கராஜா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. திருகாணி ஒன்றைக் கையில் உருட்டிக்கொண்டு இருந்தார்.

"தெரியுங்கம்மா. ரெண்டாவது வாரமே தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ ஒவ்வொரு கிழமையும் முதல்ல இருந்து கேட்டனீர்?"

"வேற எப்புடிங்கம்மா அவ கொரலக் கேக்குறது?"

விசரன் என்று திட்டினேன். உள்ளே போய் அவருக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தேன்.

ஒப்பந்தம் முடிகிற மாதம் வந்தது. வீட்டுக்குப் பூச்சு முடித்து, முன்னறைக்கு வெளிர்நீலம் அடித்திருந்தார். வெள்ளிக்கிழமை மீனாம்பாளின் குரல் துள்ளிக்கொண்டு வந்தது.

"இப்ப என்னைய என்னான்னு கூப்புடுறாங்க தெரியுங்களா? முஹந்திஸ்! எஞ்சினியராம்! மேடத்தோட தங்கச்சி வீட்டு மெசினு, மாமி வீட்டு மெசினு எல்லாம் நாந்தான் பாக்குறேன். மேடம் ஐயாகிட்ட சொல்லிட்டாங்க, இவள அனுப்ப முடியாது, பாஸ்போட்ட அலுமாரியிலேயே வையிங்கன்னு. இன்னொரு வருஷமாம். பொறவு பாக்கலாமாம்."

பாதிக்குமேல் அந்தக் குரலில் துள்ளல் இல்லை. கடைசிச் சொல்லில் அழுகை இருந்தது. தங்கராஜா ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று பிளக்கை யாரும் அழுத்தச் சொல்லவில்லை, அவளே அழுத்தியிருப்பாள்.

அவள் இன்னொரு வருடம் இருந்தாள். சண்டை நின்று, எனக்கு யாழ்ப்பாணப் பாதை திறந்து, என் தங்கை வந்து என்னோடு ஒரு மாதம் தங்கிவிட்டும் போனாள். தங்கராஜா வெள்ளிக்கிழமைகளில் வந்தார், பேசினார், போனார். ஆனால் பேசிவிட்டு வரும்போது முன்பு இருந்த வெளிச்சம் இல்லை. லக்ஷனா அம்மாவோடு பேச வெட்கப்படத் தொடங்கியிருந்தாள். போனைக் காதில் வைத்தால் மூச்சு மட்டும் விடுவாள்.

மழைக்காலம் தொடங்குகிற நேரத்தில் ஒருநாள், வெள்ளிக்கிழமையல்லாத நாளில், கடைக்கு வந்து வாங்கில் இருந்தார்.

"நானே கட்டிப் போட்டுட்டேங்கம்மா அவள," என்றார். "கொழுந்து எடுத்தவள எஞ்சினியராக்கி விட்டேன். எஞ்சினியர யாரு விடுவா? வாரா வாரம் கோளாறு, வாரா வாரம் அவ சரி பண்றா. அவ இல்லாட்டி அந்த வீடு வெந்து போகும்னு மேடம் நெனைக்கிறாங்க. நெனைக்கத்தான செய்வாங்க?"

"அப்ப என்ன செய்யப்போறீர்?"

"கோளாறே வரக்கூடாதுங்கம்மா. அங்க இனி குளுரு காலம். மெசினு எல்லாம் அவ்வளவா ஓடாது. ரெண்டு மூனு மாசம் ஒரு மின்னலும் இல்லாட்டி, அப்ப போய்க் கேட்டா விடுவாங்க."

"போன் வராதே."

"வராது."

அந்த வெள்ளிக்கிழமை அழைப்பு வந்தபோது அவர் விரலை மடக்கவில்லை. "எத்தனைன்னு சொல்ல வேணாம் புள்ள," என்றார். "மெயின ஓப் பண்ணிட்டு மூடியக் கழட்டு. பிளக்க நல்லா உள்ளுக்கு அழுத்து. இப்ப ஒரு நூலு எடு. தையல் நூலு போதும். பிளக்கையும் அது சொருகியிருக்கிற எடத்தையும் சேத்து ரெண்டு சுத்துச் சுத்தி முடிச்சுப் போடு. இனி ஆடாது."

நான் நிமிர்ந்து பார்த்தேன். ஒரு முழம் தையல் நூல். முதல் வெள்ளிக்கிழமையே அவர் இதைச் சொல்லியிருக்கலாம்.

"நீங்க இத்தன நாளா இதச் சொல்லவே இல்லையே," என்றாள் அவள்.

"சொல்லல."

முடிச்சுப் போட்டாச்சு என்றாள். பிறகு, "அப்ப நான் ஒங்க கூட எப்புடிங்க பேசுறது?" என்று கேட்டாள்.

"பேசாத புள்ள. கட்டுன முடிச்ச மட்டும் அவுத்துடாத. நோம்புப் பெருநாள் முடிஞ்சு, மெசினு எதுவும் ஓடாத நேரமாப் பாத்து மேடத்துக்கிட்ட கேளு. அழுது கேக்காத. மெசினெல்லாம் நல்லா இருக்கு, இனி நான் தேவையில்லைன்னு கேளு."

வெளியே வந்து என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குத் தெரிந்த ஆண்களில் அவ்வளவு தைரியமான ஒரு காரியத்தைச் செய்தவர் யாருமில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. "வாங்கில இரும், விழப்போறீர்" என்றுதான் சொன்னேன்.

அதற்குப் பிறகும் வெள்ளிக்கிழமைகளில் வந்தார். எதற்கு வருகிறீர் என்று நான் கேட்கவில்லை. மூன்று மணி நெருங்கும்போது போனைப் பார்ப்பார். அடிக்கக் கூடாது என்று பார்ப்பார். அடித்தால் முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று அர்த்தம். அவள் ஆசை தாங்காமல் அவிழ்த்திருப்பாள். ஒரு வெள்ளி சரியாக அந்த நேரம் போன் அடித்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. நான் எடுத்தேன். தோஹாவிலிருந்து ஸைனப்பின் மகன். ஸைனப் எழும்பிக் கூண்டுக்குள் போகும்போது தங்கராஜா பெருமூச்சு விட்டார். ஆனால் அடுத்த நிமிடம் அவர் கண் நிறைந்ததையும் நான் பார்த்தேன். அது அவளாக இருந்திருக்கக் கூடாதா என்று அந்த மனிதனின் உடம்பு முழுக்க ஏங்கியது. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பெருநாள் வந்து போனது. டிசம்பர் நத்தார் போனது. ஒன்றும் இல்லை. மேடம் என்ன சொன்னாள், கேட்டாளா, அடித்தாளா, அவளுக்குக் காய்ச்சலா, எதுவும் தெரியாது. பொங்கலுக்கு அவர் ஹாலிஎல வீட்டில் பால் காய்ச்சவில்லை. வீட்டுக்காரி வந்து காய்ச்சட்டும் என்று அடுப்பைப் புதிதாகவே வைத்திருந்தார்.

தைமாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கடையில் ஒருவருமில்லை. போன் அடித்தது.

"அம்மா, நான் மீனாம்பாள் பேசுறேன்," என்றது குரல். அது மேசைவரை வந்தது மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்காரர் பேசுவதுபோல் கேட்டது. "கட்டுநாயக்கா ஏர்போட்டுல நிக்கிறேன். அவரு இருக்காருங்களா?"

நான் அந்தக் கடையை ஒருநாளும் பகலில் பூட்டியதில்லை. அரைமணியில் திரும்ப எடு என்று அவளுக்குச் சொல்லி, பூட்டிக்கொண்டு வங்கிக்கு ஓடினேன். என் வயதில் என்னை ஓட விட்டவர் தங்கராஜா ஒருவர்தான். அவர் ஏணியில் நின்று ஏசியின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "மெசினு நின்னுருச்சாங்களா?" என்று கேட்டார். குவைத்து மெசினைத்தான் கேட்டார்.

"மெசின் இல்லை. மனுசி. கொழும்புக்கு வந்திட்டாள். இறங்கும்!"

மூடியை அப்படியே தொங்கவிட்டுவிட்டு வந்தார். வழியெல்லாம் அவர் எனக்கு முன்னால் விரைந்து நடந்தார். நான் பின்னால் மூச்சுவாங்கிக்கொண்டு அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். கடையைத் திறந்த கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அவர் கூண்டுக்குள் போய் ரிசீவரைக் காதில் வைத்தார். மூன்று வருடம் சேர்த்து வைத்ததெல்லாம் ஒன்றாக வந்து முட்டியிருக்க வேண்டும். கடைசியில் பழக்கதோஷம்தான் கைகொடுத்தது.

"எத்தன தடவ மின்னுது புள்ள?" என்றார்.

அந்தப் பக்கம் அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"மின்னலீங்க. முடிச்ச இன்னொரு தடவ இறுக்கிக் கட்டிட்டுத்தான் வந்தேன். புள்ளையக் கூட்டிக்கிட்டு ஸ்டேசனுக்கு வாங்க."

நான் எழுந்து போய், சாத்துப்படாத அந்தக் கூண்டுக் கதவை வெளியிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.